காணாத வலியும் கண்ட தழும்பும்

“தலைவலிக்குக்கூடவா ஆப்பரேஷன்?” என்னும் கேள்வி சில மாதங்களாக நம் ஜமாஅத்தில் அடிபட்டு வருகிறது. சுங்கை ஊடாங்கில் வசிக்கும் சகோதரர் ஒருவர், பல்லாண்டு காலம் பின்மண்டை வலியால் அவதியுற்று, கடைசியில் பிடரியிலே நரம்புச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியிருக்கிறார். அவருடைய பெயரை இங்கே எழுதுவது முறையல்ல. அவருக்கு நடந்தது நம் எல்லோருக்கும் ஒரு கேள்வியை எழுப்புகிறது என்பதால் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

வலியோடு இருந்த காலத்தில் அவர் கேட்ட சொற்கள் இரண்டு. ஒன்று, “யாருக்குத்தான் தலைவலி இல்லை?” மற்றொன்று, “ஸப்றாக இருங்கள்.” சிகிச்சை முடிந்து பிடரியில் கட்டோடு வந்து படுத்தபோதோ, அதே வாய்கள் வேறு விதமாகப் பேசின. கஞ்சி வந்தது, பழம் வந்தது, ஓதிய தண்ணீர் வந்தது. “இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீர்களே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே!” என்று கண் கலங்கியவர்களும் உண்டு. அவர் சொல்லாமல் என்ன? வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தையல் போட்ட தழும்பு சாட்சி சொன்ன பிறகுதான் அவருடைய சொல் நம் காதில் ஏறிற்று. ஒரு முஸ்லிமின் வாய்ச்சொல்லைவிட அவனுடைய தோலின்மீது விழுந்த கீறல் நமக்கு நம்பகமான சாட்சியாகிவிட்டதே, இது நியாயந்தானா என்பதே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

கேள்வி நமக்குப் புதியதன்று. இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலே பால் மரம் வெட்டப் போனவர்கள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன காலத்தை நினைத்துப் பார்க்கலாம். பெரட்டுக்கு வராதவன் காரணம் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றால் டிரஸ்ஸர் கண்ணாடிக் குழலை நாக்கின் கீழே வைத்துப் பார்ப்பார். பாதரசம் ஏறியிருந்தால் அவன் நோயாளி. தலைவலி என்றால் அதற்கு எந்தக் குழலும் கிடையாது. பாதரசம் ஏறாத நோய் சோம்பலின் கணக்கில் போய்விடும். எல்லாத் தோட்டத்திலும் இப்படியே நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல டிரஸ்ஸர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கண்ணாடிக் குழல் நம் மனத்திலே இன்னும் இருக்கிறது. தோட்டங்கள் பல வீடமைப்பாகிப் போன பின்னும் அது உடையவில்லை.

தலைவலியை நாம் அற்பமாக எண்ணுவதற்கு அது எல்லோருக்கும் வருவதே காரணமாகிறது. 2021ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர், அதாவது 310 கோடிப் பேர், ஏதேனும் ஒரு வகைத் தலைவலி நோய்க்கு ஆளாகியிருந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இத்தனை பேருக்கு வருவதாலேயே, கோடாலித் தைலத்தைத் தடவிக்கொண்டு அரை மணி நேரத்தில் எழுந்து போகிறவன், தன் தலைவலியை வைத்துப் பிறர் தலைவலியை அளக்கிறான். இருட்டறையில் இரண்டு நாள் வாந்தி எடுத்துக்கொண்டு கிடப்பவனுடைய நோயும் தன்னுடைய நோயும் பெயரால் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடுகிறான். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. வலிக்குப் பயந்து மாதத்தில் பத்து, பதினைந்து நாட்களுக்கு மேல் மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையே புதிதாகத் தலைவலியை உண்டாக்கும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். கடையில் பனடோல் அட்டையை மிட்டாய் போல வாங்கிப் போகிறவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி, மார்க்கம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

திருமறையின் இரண்டாம் அத்தியாயத்திலே, ஹஜ்ஜுடைய சட்டங்களைச் சொல்லிவரும் இடத்தில், தலையில் நோவினை உள்ளவருக்கென்று ஒரு சலுகை தனியாகக் கூறப்பட்டிருக்கிறது. இஹ்ராமில் இருப்பவர் முடி களையக் கூடாது; தலையில் துன்பம் இருப்பவரோ களைந்துவிட்டு, அதற்கு ஈடாக நோன்போ தர்மமோ பலியோ நிறைவேற்றலாம். இந்த வசனம் யார் விஷயத்தில் இறங்கிற்று என்பதை ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவிலே கஅபு இப்னு உஜ்ரா (ரலி) அவர்கள் தலைப் பேனால் பெரும் அவதிப்பட்டார்கள். பேன்கள் முகத்தின்மீதே உதிர்ந்தன. அந்த நிலையில் அவர்களைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், கஷ்டம் இந்த அளவுக்குப் போயிருக்கும் என்று தாம் எண்ணியிருக்கவில்லை என்னும் கருத்துப்படக் கூறினார்கள். இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். உம்மத்தின்மீது எல்லோரைக் காட்டிலும் இரக்கமுள்ள நபியவர்களே, அருகிலிருக்கும் தோழருடைய துன்பத்தின் அளவைக் கண்டபோதுதான் அறிந்ததாகச் சொல்கிறார்கள் என்றால், நாம் எம்மாத்திரம்? பிறருடைய நோவின் அளவு நமக்குத் தெரியாது என்பதே உண்மை. அந்தத் தெரியாமையைப் பெருமானார் வெளிப்படையாகச் சொன்னார்கள். நாமோ, தெரியாததை இல்லாதது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

அதுமட்டுமன்று. நாயகம் (ஸல்) அவர்களுக்கே ஒற்றைத் தலைவலி உண்டு. இஹ்ராம் அணிந்திருந்த நிலையில் அந்த வலிக்காகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்று ஸஹீஹ் புகாரியில் வருகிறது. இறுதி நோயின் ஆரம்பத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தலைவலியைச் சொல்லி முறையிட்டபோது, தம்முடைய தலையும் வலிப்பதாக நாயகமும் வாய்விட்டே சொன்னார்கள். அந்த நோயிலே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மிம்பருக்கு வந்ததையும் நாம் அறிவோம். வலியைச் சொல்வது ஸப்றுக்கு மாறு என்றிருக்குமானால் இவையெல்லாம் நடந்திருக்குமா?

அய்யூப் நபியைப் பொறுமையின் சிகரம் என்கிறோம். அவர்களும் தமக்குத் துன்பம் வந்துவிட்டதென்று இறைவனிடம் முறையிட்டார்கள்; அந்த முறையீடு திருமறையிலேயே இருக்கிறது. யஃகூப் நபி மகனை எண்ணி அழுதழுது கண்ணொளி இழந்தார்கள். அதற்காக அவர்களைப் பொறுமையற்றவர் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். அப்படியிருக்க, ஸப்று என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்ற எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வந்தது? பயான்களிலே உர்வா இப்னு ஸுபைர் அவர்களின் காலை அறுத்தெடுத்த வரலாறு அடிக்கடி சொல்லப்படுகிறது. மயக்க மருந்தை மறுத்து, திக்ரிலே மூழ்கி அந்த வேதனையைத் தாங்கினார்கள் என்பது வரலாறு. பெரியார்களின் உயர்ந்த நிலையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரலாற்றை நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லுகிறவர் பெரும்பாலும் அன்று எந்த வலியும் இல்லாதவராகவே இருக்கிறார். உர்வா அவர்கள் தமக்காகத் தேர்ந்துகொண்டதை, நாம் பிறருக்காகத் தேர்ந்து கொடுக்கிறோம். பொறுமை என்பது ஒருவன் தன் வலியிலே காட்ட வேண்டியது. பிறர் வலியிலே நாம் காட்டும் பொறுமைக்கு வேறு பெயர் உண்டு.

“அப்படியானால் பொய் சொல்லி ஏய்க்கிறவன் இல்லையா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கிறான். வேலைக்குப் போகாமலிருக்கவும், கூலி உயர்வு கேட்டு வரும் வேலையாளைத் தட்டிக்கழிக்கவும் தலைவலி நல்ல சாக்குத்தான். முதலாளிமாருக்கும் இந்தத் தலைவலி வருவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆயினும் மார்க்கச் சட்டம் இதில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரமலானில் நோன்பை ஒத்திவைக்கும் சலுகைக்கு நோயாளி காஸியின் முன்னே சாட்சிகளைக் கொண்டு வரவேண்டியதில்லை. நம்பத்தகுந்த மருத்துவருடைய வார்த்தை போதும்; அவனுடைய சொந்த அனுபவமும் போதும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பொய் சொன்னவன் தன் ரப்பிடம் கணக்குக் கொடுத்துக்கொள்வான். அந்தக் கணக்கை நாம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சிகிச்சைக்குப் போனது தவக்குலுக்கு மாறு என்று சிலர் முணுமுணுத்ததாகவும் கேள்வி. இந்தச் சந்தேகத்துக்கு இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவிலே விரிவாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். காரணங்களை அவர்கள் மூன்று விதமாகப் பிரிக்கிறார்கள். பசிக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர் போன்றவை உறுதியானவை. அவற்றை விடுவது தவக்குல் அன்று. மருந்து, இரத்தம் குத்தி எடுத்தல் போன்றவை பயன் தரும் என்று பெரிதும் எதிர்பார்க்கத்தக்கவை. அவற்றைச் செய்வது தவக்குலுக்கு முரண் அன்று. மூன்றாவது, வெறும் எண்ணத்தின்மேல் நிற்பவை. தலைவலிக்கு நரம்பைச் சிகிச்சை செய்வதை இரண்டாவதிலே சேர்ப்பதா, மூன்றாவதிலே சேர்ப்பதா என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்துக்கு மருத்துவ விவரம் தெரிய வேண்டும்.

தலைவலிக்குக் கத்தியெடுப்பது இன்று நேற்று வந்ததன்று. குர்துபாவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், ஏறக்குறைய 1013இல் மறைந்தவர், தம்முடைய தஸ்ரீஃப் என்னும் முப்பது பாகமுள்ள நூலின் கடைசிப் பாகத்தை ரண சிகிச்சைக்கே ஒதுக்கினார்கள். ஒற்றைத் தலைவலிக்குப் பொட்டிலே சூடுபோடும் முறை அதில் இருக்கிறது. நெருப்புக்கு அஞ்சுகிறவருக்கு, பொட்டுத் தோலைக் கீறி உள்ளே பூண்டுப் பல்லை வைத்துக் கட்டும் முறையும் இருக்கிறது. இன்று கேட்டால் உடல் கூசுகிறது. அந்தக் காலத்து நோயாளி அதற்கும் சம்மதித்திருக்கிறான் என்றால், அவனுடைய வலி எத்தன்மையது என்று யோசிக்க வேண்டும்.

இக்காலத்து முறை வேறு. கழுத்தெலும்பின் மேற்பகுதியிலிருந்து புறப்பட்டு, பிடரித் தசைகளைத் துளைத்துக்கொண்டு பின்மண்டைத் தோலுக்கு ஏறும் நரம்பு ஒன்று உண்டு. தசையோ, அதன்மேல் படர்ந்த சவ்வோ, கூட ஓடும் இரத்தக் குழாயோ அதை நெருக்கினால் வலி பிடரியிலே தொடங்கி உச்சிக்கு ஏறும். முதலில் மரத்துப்போக வைக்கும் மருந்தை அந்த இடத்திலே ஊசியால் ஏற்றிப் பார்ப்பார்கள். வலி அடங்கினால் குற்றவாளி அந்த நரம்பாக இருக்கலாம் என்று கொண்டு, நெருக்குவதை விலக்கி நரம்புக்கு வழி விடுவார்கள். நெற்றி நரம்பிலும் இவ்வாறே செய்வது உண்டு. ஈரானிலே பிறந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொழில் செய்த பஹ்மன் குயூரன் என்னும் டாக்டர், நெற்றிச் சுருக்கத்தை நீக்கச் சிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு ஒற்றைத் தலைவலியும் நீங்கியதைக் கண்டு, 2000ஆம் ஆண்டில் இதைப்பற்றி எழுதினார்.

2009இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட பரிசோதனை ஒன்று நம் கேள்விக்கு நேரே வருகிறது. 75 பேரில் 49 பேருக்கு உண்மையான சிகிச்சை. 26 பேருக்குத் தோலை மட்டும் அறுத்துத் திறந்து, நரம்புக்கும் தசைக்கும் ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 28 பேருக்குத் தலைவலி அடியோடு நின்றிருந்தது. மற்றவர்களில் ஒருவருக்கு மட்டுமே நின்றிருந்தது. இது நரம்பின் கட்சிக்குச் சாட்சி. ஆனால் வலி பாதியாவது குறைந்தவர்களை எண்ணினால், உண்மைச் சிகிச்சையில் 41 பேர். வெறும் கீறல் பெற்ற 26 பேரிலும் 15 பேர்!

இந்தப் பதினைந்து பேரைக் காட்டி, “பார்த்தீர்களா, எல்லாம் மனப்பிரமை” என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பட்ட வலி பொய்யென்றால், பொய் வலிக்காக யாராவது தலையை அறுக்கக் கொடுப்பார்களா? வலியை உணர்வது மூளை. அந்த மூளைக்கு நம்பிக்கையும் ஒரு மருந்தாகப் போய்ச் சேர்கிறது. அத்துடன், அந்த ஓராண்டு முழுவதும் அவர்களுடைய வலியை ஒருவர் கேட்டுக் குறித்துக்கொண்டார், யாரும் சிரிக்கவில்லை என்பதையும் நாம் கணக்கில் சேர்க்க விரும்புகிறோம். இது நம் ஊகம். டாக்டர்கள் ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். அவர்களுக்குள்ளேயே இச்சிகிச்சையைப்பற்றி ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்கத் தலைவலி மருத்துவர் சங்கம் 2013இல், ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் சிபாரிசு செய்ய வேண்டாம் என்றே கூறியது. ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் உடனே கத்திக்குத் தலையைக் கொடுக்கக் கிளம்ப வேண்டாம். நம் சகோதரருக்கு ஊசிப் பரிசோதனை பலமுறை செய்து, மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகே இந்த முடிவு எடுக்கப்பட்டது.

சினிமா நடிகரை நம் ஏட்டில் எடுத்துக்காட்டுவதா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம், இருந்தாலும் சொல்கிறோம். இந்தி நடிகர் சல்மான் கான் முகத்து நரம்பு நோயால் பல ஆண்டுகள் துன்புற்று, 2011இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சிகிச்சை செய்துகொண்டார். காலைச் சிற்றுண்டி உண்பதற்கே ஒன்றரை மணி நேரம் பிடித்தது என்று பின்னாளில் சொன்னார். அந்த ஆண்டுகளிலெல்லாம் திரையிலே அவர் சிரித்துக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்ததை மக்கள் பார்த்தார்கள். சிரிக்கிற முகத்தைக் கண்டு வலியில்லை என்று சொல்ல முடியாது என்பதற்கு அவரும் ஒரு சாட்சி.

நம் சகோதரர் இப்போது எப்படி இருக்கிறார் என்பதுதான் எல்லோரும் கேட்பது. கேட்கும் விதத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. “ஆப்பரேஷன் ஆகிவிட்டதே, இனிச் சுகந்தானே?” என்கிறார்கள். முன்பு வலியை நம்ப மறுத்த அவசரமே இப்போது சுகத்தைக் கேட்டு நெருக்குகிறது. நரம்பு அப்படிக் குணமாவதில்லை. நெருக்கத்திலிருந்து விடுபட்ட நரம்பு முதலில் மரத்துக் கிடக்கும். பிறகு எறும்பு ஊர்வது போலிருக்கும். சில வேளை மின்சாரம் பாய்ந்தாற்போலச் சுரீரென்று இழுக்கும். சேதமுற்ற நரம்பிழை வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பிடரியிலிருந்து உச்சிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அவரவர் விரலால் அளந்து பார்த்துக்கொள்ளலாம். சில வாரம் வலி முன்னைவிடக் கூடுதலாகவும் இருக்கக்கூடும். அந்த வாரங்களில், “பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினாரே, என்ன பலன்?” என்ற பேச்சு அவர் காதில் விழாமலிருந்தால் புண்ணியமாகப் போகும். முழுச் சுகம் கிடைத்தவன் அல்ஹம்துலில்லாஹ் சொல்வது எளிது. மாதத்தில் இருபது நாள் இருந்த வலி ஆறு நாளாகக் குறைந்தவன் அந்த ஆறு நாளையும் வைத்துக்கொண்டே அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டாரையும் இங்கே மறந்துவிடலாகாது. நெடுங்கால வலி மனிதனைக் கடுகடுப்பாக்கிவிடும். வலியிலே பேசிய சுடுசொற்களுக்கு அவன் பொறுப்பாளியா என்று கேட்டால், காரணம் வேறு, குற்றமின்மை வேறு என்றே நாம் சொல்வோம். நோய் அவன் பாரத்தைக் குறைக்கும். கேட்டவர் மனத்திலே பட்ட காயத்தைக் குறைக்காது. நம் சகோதரர் இதைத் தாமே உணர்ந்து, மனைவி மக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வளர்த்து, விளக்கை அணைத்து, விருந்தாளிகளை வாசலிலேயே பேசி அனுப்பி, இத்தனை காலம் அந்தக் குடும்பத்தை நடத்திய அம்மையாருக்குக் காட்டுவதற்கு ஒரு தழும்புகூடக் கிடையாது. அவருக்குக் கஞ்சி கொண்டு போனவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

நோயாளியைப் பார்க்கப் போவது சுன்னத்து. போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனித்தால் போதும். கடுமையான அத்தர் வாசனையும் சாம்பிராணிப் புகையும் இத்தகைய நோயாளிக்கு வலியைக் கிளப்பிவிடக்கூடும். அன்றைக்கு மட்டும் அத்தரை விட்டுவிடலாம். இரண்டு நிமிஷம் இருந்து, துஆச் செய்துவிட்டு எழுந்து வரலாம். இன்னாருக்கு இன்ன போமோ பார்த்துச் சுகமாயிற்று, இன்ன எண்ணெய் தேய்த்துச் சுகமாயிற்று என்ற செய்திகளைத் திரும்பி வரும் வழியிலே பேசிக்கொள்ளலாம்.

தொழுகையைப்பற்றியும் அவர் கேட்டிருந்தார். சில காலம் தலையைத் தாழ்த்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் ஸுஜூது செய்ய இயலவில்லை. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிக்கொடுத்த வழி. அவரால் நிற்க முடிகிறது, குனியத்தான் முடியவில்லை. எனவே நின்று தக்பீர் கட்டி, ருகூவுக்கும் ஸுஜூதுக்கும் நாற்காலியில் அமர்ந்து, டாக்டர் அனுமதிக்கும் அளவுக்குச் சைகையாகச் செய்துவர வேண்டும். ஸுஜூதின் சைகை ருகூவைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் சரி. கட்டின்மீது மஸ்ஹு செய்யும் சட்டத்தில் மத்ஹபுக்கு மத்ஹபு வித்தியாசம் இருப்பதால் அதை இமாம் அவர்களிடம் நேரில் கேட்டுக்கொள்வது நலம்.

அவர் ஜுமுஆவுக்கு வரத் தொடங்கியிருக்கிறார். பள்ளியில் இருக்கும் நாற்காலிகள் இரண்டும் முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கே பற்றவில்லை. இன்னும் நான்கு வாங்கி வரிசையின் ஓரத்தில் போட நிர்வாகக் குழு ஏற்பாடு செய்யும் என்று நம்புகிறோம். அவற்றில் வந்து உட்காருகிறவரிடம், “உங்களுக்கு என்ன, நன்றாகத்தானே நடந்து வந்தீர்கள்?” என்று யாரும் கேட்க வேண்டாம்.